மரியா ஃபொரேரோ மாதிரி ஓடணும் என்கிறாள் மகள், எங்கிருந்து தொடங்குவது?

வேளச்சேரி அப்பா எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுப் போகிறவனாகத்தான் இருந்தேன், முதல் முறையாக எழுதுகிறேன். ஓட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்தியதோடு என் ஓட்டம் முடிந்துபோனது.

மகள் ப்ளஸ் ஒன், 16 வயது. எட்டாவதிலிருந்து ஓடுகிறாள். முதலில் 800, இப்போது 1500, 3000. சோனலில் ஜெயித்து டிவிஷனல் போய் அங்கே நான்காவதாக வந்தாள். 3000 மீட்டர் 11 நிமிடம் 20 விநாடி. அது நல்ல டைமிங்கா சுமாரா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி மொபைலில் எதையோ திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால், புல்வெளியில் மேட்டிலும் பள்ளத்திலும் பெண்கள் கூட்டமாக ஓடுகிறார்கள், டிராக்கும் இல்லை கோடும் இல்லை. யாரம்மா இது என்றேன். ஸ்பெயின் பெண், பெயர் மரியா ஃபொரேரோ, 2022-ல் ஐரோப்பிய கிராஸ் கன்ட்ரியில் 20 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் தங்கம், 2024-ல் அதே போட்டியில் 23 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் தங்கம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கெமிஸ்ட்ரியில் இந்த வேகம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. "எனக்கு டிராக்கைவிட இதுதான்பா பிடிச்சிருக்கு" என்றாள்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். பள்ளியில் பி.டி. சார், ஸ்டாமினா வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் 10 கிலோமீட்டர் ரோடு ரேஸ் ஓடச் சொல்கிறார். மூன்று மாதத்தில் ஒன்பது ரேஸ் ஓடிவிட்டாள். டி-ஷர்ட் வைக்க பீரோவில் இடமில்லை, மெடல்களை சாமி ரூம் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். ஆனால் டைமிங் குறையவே இல்லை, போன ரேஸில் கொஞ்சம் கூடியும்விட்டது. கெண்டைக்காலுக்கு முன்பக்கம், எலும்பு ஓரமாக வலிக்கிறது என்று அவ்வப்போது சொல்கிறாள். வீட்டம்மாவோ அடுத்த வருஷம் ப்ளஸ் டூ, போதும் நிறுத்து என்கிறாள்.

அந்த ஸ்பெயின் பெண் மாதிரி ஒரு ஓட்ட வாழ்க்கை எப்படித்தான் அமைகிறது? 16 வயதில் அவர்கள் ஊரில் என்ன செய்வார்கள்? சென்னையில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் ஆசைப்படலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.


பழைய ஸ்பைக்ஸ் எழுதியது:

சார், முதலில் உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். 16 வயதில் சரியான கோச்சிங் இல்லாமல் 11:20 என்பது நல்ல தொடக்கம். நேஷனல் மெடலுக்கு இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேலேயே குறைக்க வேண்டியிருக்கும், ஆனால் இந்த வயதில் டைமிங்கைப் பார்த்து யாரையும் எடை போடக் கூடாது. நான் யூனிவர்சிட்டிக்கு 5000 ஓடியவன், இப்போது ரயில்வேயில் வேலை, தொப்பை வந்துவிட்டது, சாயங்காலம் பெரம்பூர் பக்கம் பசங்களுக்கு கொஞ்சம் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஃபொரேரோவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அந்தப் பெண்ணின் மெடலைவிட அவர் பிறந்த வருஷத்தைத்தான் பார்ப்பேன். 2003. ஐரோப்பியப் போட்டியில் வயதுப் பிரிவை டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயது என்று பார்த்து முடிவு செய்வார்கள். அந்தக் கணக்கில் 2022 அவருக்கு 20 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் கடைசி வருஷம். இத்தாலியில் டூரின் நகரத்துக்கு வெளியே லா மான்ட்ரியா பூங்காவில் அந்த டிசம்பரில் ஜெயித்தார். நம் ஊராக இருந்தால் "சரி, ஜூனியர் முடிந்தது, இனி சீனியரோடு மோது" என்று கடலில் தள்ளிவிட்டிருப்பார்கள். அங்கே அப்படி இல்லை, அடுத்த மூன்று வருஷம், 2023, 24, 25, அவருக்கு 23 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு இருந்தது. அதில் இரண்டாவது வருஷம் துருக்கியில் அன்டால்யாவில், 2024 டிசம்பர் 8, மறுபடியும் தங்கம்.

இந்த மூன்று வருஷம்தான் சார் விஷயமே. அதே அன்டால்யாவில், அதே நாள், சீனியர் பெண்கள் ரேஸில் ஜெயித்தது யார் தெரியுமா? இத்தாலியின் நாடியா பட்டோக்லெட்டி. நாலு மாதம் முன்புதான் பாரிஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி வாங்கியிருந்தார், தங்கத்துக்கும் அவருக்கும் இடையில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். 21 வயதுப் பெண்ணை அப்படிப்பட்ட ஆளோடு வருஷா வருஷம் ஓடவிட்டு முப்பதாவது, நாற்பதாவதாக வரவைத்தால் என்ன ஆகும்? படிப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பட்டோக்லெட்டியே இந்த ஏணியில் ஏறி வந்தவர்தான். 2018, 2019-ல் 20 வயதுப் பிரிவு, 2021, 2022-ல் 23 வயதுப் பிரிவு, 2024-ல் சீனியர். ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை. நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் மாதிரி ஜூனியரில் வரிசையாக நாலு தங்கம் வாங்கிவிட்டு 2021-ல் நேராக சீனியரிலும் ஜெயித்த பிறவிகள் உண்டு, அவர்களை வைத்துக்கொண்டு நாம் திட்டம் போட முடியாது.

என் கதையைச் சொல்கிறேன். 19 வயதில் மாநில ஜூனியரில் இரண்டாவதாக வந்தேன். அடுத்த வருஷம் என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் ராணுவத்திலும் ரயில்வேயிலும் பத்து வருஷம் ஓடி உரமேறினவர்கள். முதல் ரேஸிலேயே ஒரு லேப் வாங்கினேன், அதாவது என்னை ஒரு சுற்று முந்திப் போனார்கள். 21-ல் ஸ்பைக்ஸை, அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூவை, கழற்றிவிட்டேன். இப்போது நம் நாட்டிலும் 23 வயதுப் பிரிவில் தேசியப் போட்டி வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் வீட்டிலும் காலேஜிலும் 18 வயதோடு விளையாட்டு முடிந்தது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை 10 கே-யை இன்றைக்கே நிறுத்துங்கள். உலக கிராஸ் கன்ட்ரியிலேயே 20 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 6 கிலோமீட்டர்தான். 16 வயதுப் பெண்ணை வாரா வாரம் தார் ரோட்டில், அதுவும் ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டு சரிவில், 10 கிலோமீட்டர் ரேஸ் வேகத்தில் ஓடவிடுவது ஸ்டாமினா இல்லை, வட்டிக்கு வாங்கிச் செலவு செய்வது. டைமிங் கூடுவது அதனால்தான். பி.டி. சாரை நான் குறை சொல்லவில்லை, நூறு பசங்களுக்கு ஒரு ஆளாக அவர் என்ன செய்வார்.


செவில் ரிட்டர்ன் எழுதியது:

பழைய ஸ்பைக்ஸ் அண்ணா சொன்ன ஏணிக்குக் கீழே இன்னும் நாலு படி இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தது அதைத்தான்.

ஐ.டி. வேலையாக மூன்று வருஷம் செவில் நகரத்தில் இருந்தேன். ஃபொரேரோவின் ஊர் வெல்வா, அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம், இரண்டுமே ஸ்பெயினின் தெற்கு மூலையில். வெயிலில் நம்மை மிரட்டும் ஊர்கள், ஜூலையில் செவிலில் 40 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணம். அதனால் ஐரோப்பா என்றாலே பனி, குளிர் என்று நினைக்க வேண்டாம். அங்கே கிராஸ் கன்ட்ரி என்பது குளிர்கால விளையாட்டு, அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை. வெயில் வந்தால் டிராக்குக்குப் போய்விடுவார்கள்.

செவிலுக்குப் பக்கத்தில் சான்டிபோன்சே என்று சின்ன ஊர், அங்கே இத்தாலிகா என்ற பழைய ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. ட்ராஜன் என்ற ரோமப் பேரரசர் பிறந்த இடம். 1982-லிருந்து அங்கே ஒரு சர்வதேச கிராஸ் கன்ட்ரி நடக்கிறது. ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் பெண் ஓடுகிறாள் வா என்று கூப்பிட்டார், சும்மா போனேன். காலையில் போனால் மகாபலிபுரத்தில் கடற்கரைக் கோயிலைச் சுற்றி ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே நடத்துகிற மாதிரி இருந்தது! எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள், ஒவ்வொரு வயதுக்கும் தனி ரேஸ், சின்னதுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குக் குறைவாகவே. தாத்தா பாட்டி எல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள். பிறகு 14, 16, 18 என்று தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. கடைசியில் அதே புல்லில், அதே சேற்றில், கென்யா, எத்தியோப்பியாவிலிருந்து வந்த உலகத் தரமான ஆட்கள் ஓடுகிறார்கள். காலையில் ஓடின பத்து வயசு வாண்டு மத்தியானம் கையில் ரொட்டியோடு இரண்டடி தூரத்தில் நின்று அதைப் பார்க்கிறது. எனக்கு அன்றைக்குப் புரிந்தது இதுதான்: அங்கே ஒரு ஃபொரேரோவை யாரும் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, சின்ன வயதிலிருந்தே அந்த மைதானத்திலேயே நிற்கிறார்கள்.

இது ஒரு ஊர் கதை. வடக்கே எல்கோய்பாரில் 1943-லிருந்து ஒன்று நடக்கிறது. புர்கோஸ் பக்கத்தில் அட்டாபுவெர்க்கா, ஆதிமனிதர்களின் எலும்பு கிடைத்த இடம், அங்கே ஒன்று. குளிர்காலத்தில் வாரம் ஒரு ஊர் என்று போய்க்கொண்டே இருக்கும், நம் ஊரில் மாசி, பங்குனியில் வரிசையாகத் தேர்த் திருவிழா வருகிற மாதிரி.

அவர்கள் கொண்டாடுகிற ஆளைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மரியானோ ஆரோ என்று பலென்சியா மாகாணத்தில் ஒரு கிராமத்துக்காரர். 1972-லிருந்து 1975 வரை, நாலு வருஷம் தொடர்ந்து, உலக அளவிலான கிராஸ் கன்ட்ரியில் இரண்டாம் இடம். நாலு முறையும் வெள்ளி, ஒருமுறைகூடத் தங்கம் இல்லை. நம்மவர்கள் "ராசி இல்லாதவன்" என்று பேர் வைத்திருப்பார்கள், அங்கே இன்றைக்கும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள்.

உங்கள் மகளுக்குச் சொல்ல ஒரு கதை. 1981-ல் உலக கிராஸ் கன்ட்ரி மாட்ரிட்டில் நடந்தது. எத்தியோப்பிய வீரர்கள் கூட்டமாக முன்னால் போய், கடைசிச் சுற்று என்று நினைத்து ஸ்பிரின்ட் அடித்து முடித்தே விட்டார்கள். பார்த்தால் இன்னும் ஒரு சுற்று பாக்கி! அதற்குள் சுதாரித்துத் திரும்ப ஓடினாலும் அமெரிக்காவின் கிரெய்க் வெர்ஜின் ஜெயித்துவிட்டார். ஆனாலும் அணியாக எத்தியோப்பியாவே தங்கம் வாங்கியது. லேப் எண்ணத் தெரிய வேண்டும், கெமிஸ்ட்ரி இல்லாவிட்டாலும் கணக்கு தேவை என்று சொல்லுங்கள்.


கணக்குப் பிள்ளை எழுதியது:

எல்லாம் கேட்க இனிக்கிறது. நான் கொஞ்சம் கசப்பு மருந்து கொடுக்கிறேன், கோபப்படாதீர்கள்.

ஸ்பெயின் ஒன்றும் சொர்க்கம் இல்லை. மார்த்தா டொமிங்கெஸ் 2009-ல் ஸ்டீபிள்சேஸில், அதாவது தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடுகிற ஓட்டத்தில், உலக சாம்பியன், ஊக்கமருந்து விவகாரத்தில் அந்தப் பட்டமே பறிபோனது. முகமது கதிர் 2023-ல் 5000 மீட்டரில் உலக வெள்ளி வாங்கினார், 2024-ல் சோதனைக்கு இருப்பிடத் தகவல் சரியாகத் தராததற்காக இரண்டு வருஷம் தடை. நன்றாக ஓடுகிற இடத்தில் இதுவும் சேர்ந்தே இருக்கிறது.

நம்ம கதைக்கு வாருங்கள். புதுக்கோட்டை லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன், 5000 மீட்டரில். அடுத்த வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார், ஓடும்போது கால் டிராக்கின் உள்பக்கக் கோட்டைத் தாண்டிவிட்டது என்று தகுதி நீக்கம் செய்தார்கள், வெண்கலம் போயிற்று. அவ்வளவு பெரிய ஆளையே இன்றைக்கு சென்னையில் பத்துப் பேரிடம் கேளுங்கள், எத்தனை பேருக்குத் தெரியும்? 16 வயதுப் பெண்ணை இதில் இறக்கிவிட்டு 24 வயதில் என்ன செய்யப் போகிறீர்கள்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் வாங்கப் பயன்படும், வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு சரி. சென்னை ஈரக்காற்றில் லாங் டிஸ்டன்ஸ் என்பதே தண்டனை, காலை ஆறரைக்கே சட்டை பிழியலாம்.


பழைய ஸ்பைக்ஸ் எழுதியது:

கணக்குப் பிள்ளை, லட்சுமணனைச் சொன்னீர்கள், அதே புதுக்கோட்டையின் சூர்யாவை விட்டுவிட்டீர்களே. 2016-ல் குவஹாத்தி தெற்காசிய விளையாட்டில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம். புதுக்கோட்டை என்ன ஊட்டியா? சென்னையைவிடக் காய்கிற ஊர். அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் ஆசிய அளவுக்கு வந்தார்கள் என்றால் வெயில் மட்டும் காரணமாக இருக்க முடியாது, யாரோ தினமும் காலையில் மைதானத்தில் நின்று பசங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்பெயின்காரர்கள் கிரனாடாவுக்கு மேலே சியர்ரா நெவாடா மலையில் 2,320 மீட்டர் உயரத்தில் பயிற்சி மையம் வைத்திருக்கிறார்கள், உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, உடம்பு சிவப்பணுவைக் கூட்டிக்கொள்ளும் என்ற கணக்கில். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர். அங்கேயும் சிந்தெடிக் டிராக் இருக்கிறது. ராத்திரி ரயில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். ஆனால் அது இப்போது இந்தப் பெண்ணுக்கு வேண்டாம், இருபது வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

24 வயதில் என்ன செய்வாள் என்று கேட்டீர்கள். குல்வீர் சிங்கைப் பாருங்கள், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் ஓட்டத்தையே ஒழுங்காக எடுத்துக்கொண்டார். 2025-ல் 10,000 மீட்டரை 27 நிமிடம் 0.22 விநாடியில் ஓடினார், அதே வருஷம் கொரியாவில் ஆசியப் போட்டியில் இரட்டைத் தங்கம். 16 வயதில் அவரை யாருக்கும் தெரியாது. லாங் டிஸ்டன்ஸ் என்பது பழுத்து வருகிற சமாச்சாரம். நமக்குத்தான் பிஞ்சிலேயே பறித்துத் தின்ன வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர் ஜூனியர் போட்டிகளில் வயதைக் குறைத்து ஓடுகிறவர்கள் உண்டு, எலும்பு எக்ஸ்ரே எடுத்துப் பிடிக்க வேண்டிய நிலைமை. அதனால் உங்கள் மகள் நான்காவதாக வந்தாள் என்றால் முன்னால் ஓடின மூன்று பேருக்கும் நிஜமாகவே 16 வயதுதானா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் அதைச் சொல்லி வைக்காதீர்கள், சாக்காகிவிடும்.


பிசியோ அக்கா எழுதியது:

எல்லோரும் ஸ்பெயின், கொரியா என்று சுற்றிவிட்டு வந்தீர்கள், அந்தப் பெண்ணின் கால் வலியை ஒருத்தரும் கேட்கவில்லையே.

வேளச்சேரி அப்பா சார், நான் பிசியோதெரபிஸ்ட், அடையாறில் இருக்கிறேன், வாரத்துக்கு ஒரு பெண்ணாவது இதே வலியோடு வருகிறாள். முன்னங்கால் எலும்பு ஓரமாக நீளமாக வலித்து, ஓடி உடம்பு சூடானதும் குறைந்தால் அது ஒரு ரகம். ஒரே இடத்தில் விரல் வைத்து "இங்கேதான்" என்று காட்டும்படி வலித்து, ராத்திரி படுத்தாலும் வலித்தால் அது வேறு, எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். இரண்டாவது என்றால் ஒரு நாள்கூட ஓடக் கூடாது, எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஸ்பைக்ஸை மாட்டிவிடாதீர்கள்.

அடுத்து, இதை அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஓடுகிற பெண்களுக்கு நின்றுபோனால் "ட்ரெயினிங் நல்லா போகுது, அதான்" என்று சில கோச்களே சொல்கிறார்கள், அது சுத்த முட்டாள்தனம். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்று உடம்பு கடையைப் பாதி இழுத்து மூடுகிறது. ஹார்மோன் குறையும், எலும்பு மெலியும், டைமிங் கூடும். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் மகளிர் டாக்டரிடம் போக வேண்டும். இதையும் ரத்தத்தில் ஃபெர்ரிட்டின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள், இரும்புச் சத்தின் சேமிப்பு எவ்வளவு என்பது ஃபெர்ரிட்டினில்தான் தெரியும்.

காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் ஓடி, ஏழரைக்கு இரண்டு இட்லி, உடனே ஒரு டம்ளர் ஃபில்டர் காபி, ஸ்கூல் வேன். இதுதானே? காபி, டீ இரண்டுமே சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். ஓடப் போகுமுன் ஒரு வாழைப்பழம், வந்ததும் இட்லி இரண்டு இல்லை, ஐந்து. முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழியுங்கள். அசைவம் சாப்பிடுவீர்களானால் ஈரல்.

அந்த ஸ்பெயின் பெண்ணிடமிருந்து உங்கள் மகள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஸ்பைக்ஸ் பிராண்டு இல்லை. 19 வயதில் ஜெயித்தவர் 21 வயதிலும் ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு மெடலைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது, என்னிடம் வருகிற பாதிப் பெண்கள் அந்த இரண்டு வருஷத்தைத் தாண்டுவதில்லை.


வேளச்சேரி அப்பா எழுதியது:

மன்னிக்கவும், பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, கணக்குப் பிள்ளை சாருக்கும்தான்.

பிசியோ அக்கா சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி எழுந்து உள்ளே போய் மகளிடம் பேசிவிட்டு வந்தாள். நான்கு மாதமாக வரவில்லையாம். கேட்டால் ஓட விடமாட்டீர்கள் என்று சொல்லவில்லையாம். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. மெடலை ஆணியில் மாட்டும்போதெல்லாம் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

டாக்டரிடம் போனோம். ஃபெர்ரிட்டின் 9. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், உணவு நிபுணர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார்கள். கால் வலி நீங்கள் சொன்ன முதல் ரகம்தான், விரிசல் இல்லை என்று ஸ்கேன் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். ஆறு வாரம் ரேஸ் கிடையாது, நடை, சைக்கிள், நீச்சல் மட்டும். பி.டி. சாரிடம் போய்ப் பேசினேன். பயந்துகொண்டுதான் போனேன், அவரோ நாற்காலி போட்டு உட்காரவைத்து, "எனக்கு இது தெரியாது சார், அந்த ரிப்போர்ட்டைக் கொடுங்க, மத்த பொண்ணுங்களையும் கேக்கச் சொல்றேன்" என்றார்.

மனைவிதான் ஆச்சரியப்படுத்தினாள். நிறுத்திவிடு என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "23 வயசு வரைக்கும் நேரம் இருக்குன்னு போட்டிருக்காங்கல்ல, அப்புறம் எதுக்கு இப்பவே அவசரம், ப்ளஸ் டூவும் எழுதட்டும்" என்கிறாள். மகளுக்குப் பாதி சந்தோஷம், பாதி கோபம். ரேஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். மாட்ரிட் கதையைச் சொன்னேன், சிரித்தாள், பிறகு மொபைலில் அந்த ரேஸைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

பழைய ஸ்பைக்ஸ் சார், ஆறு வாரம் முடிந்து டாக்டர் சரி என்று சொன்னதும் கிராஸ் கன்ட்ரிக்கு என்று தனியாக எங்கே ஓடுவது? சென்னையில் புல்வெளி என்று பார்த்தால் கிரிக்கெட் கிரவுண்டுதான், அங்கே காவலாளி விரட்டுகிறார்.


பழைய ஸ்பைக்ஸ் எழுதியது:

நல்லவேளை சார். 9 என்றால் அந்தப் பெண் இத்தனை நாள் பெட்ரோல் இல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறாள், அதில் 11:20 ஓடினாளே.

இடம் பற்றிக் கவலைப்படாதீர்கள். தாம்பரம் தாண்டினால் ஏரிக்கரைகள் இருக்கின்றன, மண் பாதை, மேடு பள்ளம் எல்லாம் உண்டு. தனியாக அனுப்பாதீர்கள், நாய்த் தொல்லை அதிகம். வேளச்சேரியிலிருந்து பெசன்ட் நகர் பக்கம்தான், கடற்கரையில் தண்ணீர் ஓரமாக இறுகின மணலில் மெதுவாக ஓடலாம், ஆனால் கரை சரிவாக இருக்கும், ஒரே பக்கமாக ஓடாமல் போய்த் திரும்பி வர வேண்டும். எப்படியும் ஆறு வாரம் முடியும்போது ஐப்பசி மழை பிடித்துவிடும், எங்கள் பெரம்பூர் கிரவுண்டு முழுக்கச் சேறாகிவிடும், ஐரோப்பாக்காரன் விமானம் ஏறித் தேடிப் போகிற சேறு நமக்கு இலவசம்.

ஸ்பைக்ஸ் இப்போது வாங்க வேண்டாம். வாங்கும்போது ஆணியைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வாங்குங்கள், சிந்தெடிக் டிராக்கில் 9 மில்லிமீட்டருக்கு மேல் விடமாட்டார்கள், சேற்றுக்கு 12 வேண்டும். டாக்டர் சரி சொன்னதும் ஒரு ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னிடம் ஆறு பெண்கள் ஓடுகிறார்கள், இரண்டு பேர் அவள் வயதுதான். பழைய ஷூ போதும், மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி.


பிசியோ அக்கா எழுதியது:

அந்த ஆறு பெண்களுக்கும் ஃபெர்ரிட்டின் பார்த்தீர்களா அண்ணா?


பழைய ஸ்பைக்ஸ் எழுதியது:

இல்லை. நாளைக்கே அவர்கள் அம்மாக்களிடம் பேசுகிறேன்.